எலும்பில் பதிந்த கைவழக்கம்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் எலும்பைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. உடலைப் பாடிய கவிஞர் பலர். எலும்பைப் பாடியோர் சித்தர் மரபினர் சிலரே. அவர்களும் அதன் நிலையாமையைச் சொல்லவே பாடினர். ஆனால் உடலின் உறுப்புகளுள் நெடுங்காலம் நிலைப்பது எலும்பும் பல்லுமே. ஒருவர் வாழ்நாள் முழுதும் எந்தக் கையால் உழைத்தார் என்பதை அவர் மறைந்து ஆயிரம் ஆண்டுகள், ஏன், ஓர் இலட்சம் ஆண்டுகள் கழிந்த பின்னும் அவை ஓரளவு காட்டுகின்றன. அவை காட்டுவதை எவ்வாறு படிப்பது, எங்கே படிப்பதை நிறுத்திக்கொள்வது என்பதே இன்றைய பொருள். படிப்பதும் பொருள் கொள்வதும் இவ்வவையின் தொழில் ஆதலால், இப்பொருள் இங்கு அயலானதன்று.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். தமிழில் 'வலம்' வலப்பக்கத்தைக் குறிக்கும். வலிமையையும் வெற்றியையும் குறிக்கும். இடப்பக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'லெஃப்ட்' என்பதன் பழம்பொருள் வலுவற்றது, பயனற்றது என்பதாம். இலத்தீன் மொழியின் 'சினிஸ்டர்' இடப்பக்கத்தையும் தீய நிமித்தத்தையும் ஒருசேரச் சுட்டும். நம் பேச்சுவழக்கிலோ வலக்கை 'சோற்றாங்கை'. இடக்கைக்கு வழங்கும் பெயரை இவ்வவையில் சொல்ல வேண்டுவதில்லை. ஒன்றோடொன்று தொடர்பற்ற மொழிகளும் இவ்வழக்கில் ஒரே தீர்ப்பை எழுதி வைத்துவிட்டன. எலும்பின் தீர்ப்பு வேறு வகையானது.

உயிருள்ள எலும்பு கல் போன்றதன்று. அதில் எலும்பை ஆக்கும் உயிரணுக்களும் உண்டு. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் உண்டு. பழைய எலும்பு கரைவதும் புதிய எலும்பு படிவதும் வாழ்நாள் முழுதும் ஓயாமல் நிகழ்கின்றன. பளு மிகும் இடத்தில் படிவது மிகும்; பளு நீங்கிய இடத்தில் கரைவது மிகும். செருமானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-இல் இதனை ஒரு விதியாக வகுத்து நூலாக்கினார். அவர் விதியின் கணக்கு நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தப்பட்டன; ஆயினும் எலும்பு தன்மேல் விழும் பளுவுக்கேற்ப உருமாறும் என்னும் அடிப்படை நிலைத்தது. நீண்ட நாள் படுக்கையில் கிடந்தோருக்கும், எடையற்ற விண்வெளியில் பல திங்கள் வாழ்ந்து திரும்பியோருக்கும் எலும்பு மெலிவது இதனாலேயே.

எலும்பு முழுதும் ஒரே அளவில் மாறுவதில்லை. அதன் நீளம் வளர்பருவத்தோடு முடிந்துவிடும். அதன் பின் எவ்வளவு உழைத்தாலும் நீளாது. மூட்டுப் பரப்பும் பெரிதும் மாறாது. நடுத்தண்டு மட்டும் தொடர்ந்து உழைப்புக்கு விடை தந்துகொண்டிருக்கும். பெஞ்சமின் அவர்பாக், கிறிஸ்டோபர் ரஃப் என்னும் ஆய்வாளர் இருவர் பல்வேறு நிலப்பகுதிகளைச் சேர்ந்த 780 எலும்புக்கூடுகளை அளந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிசெய்தது. கையெலும்புகளில் வலமிட வேறுபாடு தெளிவாக இருந்தது, காலெலும்புகளில் சிறிதே. கையிலும் நீளத்தைக் காட்டிலும் மூட்டைக் காட்டிலும் தண்டின் தடிப்பிலேயே வேறுபாடு மிகுதி. கால்கள் இரண்டும் உடலை ஒத்துச் சுமக்கின்றன; கைகள் அவ்வாறு ஒத்துச் சுமப்பதில்லை.

காறை எலும்பு மட்டும் ஒரு விந்தை. புய எலும்பு பெரும்பாலோருக்கு வலப்புறத்தில் நீளமும் தடிப்பும் மிக்கது. காறை எலும்போ வலப்புறத்தில் தடிப்பு மிகுந்தும் நீளம் குறைந்தும் இருக்கக் காணலாம். ஓயாத பளு அதன் நீள வளர்ச்சியைச் சற்றுத் தடுத்தது போலும். வலிமை என்றால் எல்லாம் பெரிதாக வேண்டும் என்னும் எளிய எண்ணத்திற்கு இச்சிறு எலும்பு இடந்தருவதில்லை.

உயிரோடு உள்ளவர்களிடம் இதனை அளந்து காட்டிய சிறந்த சான்று டென்னிஸ் ஆட்டக்காரர்களின் கை. ஒரே உடல், ஒரே உணவு, ஒரே மரபு. ஒரு கை மட்டும் மட்டையைப் பிடிக்கிறது. மற்றொரு கை அதற்கு ஒப்புநோக்கும் அளவுகோலாகிறது. 1977-இல் அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரர் 84 பேரின் புய எலும்புகளைக் கதிர்ப்படம் எடுத்து ஆய்ந்தனர். ஆடும் கையின் எலும்புச் சுவர் ஆண்களுக்கு ஏறத்தாழ 35 விழுக்காடும் பெண்களுக்கு ஏறத்தாழ 28 விழுக்காடும் கூடுதலாகத் தடித்திருந்தது. 1995-இல் ஃபின்லாந்தில் பெண் ஆட்டக்காரர்களை ஆய்ந்தபோது வேறோர் உண்மை புலப்பட்டது. பூப்பெய்தும் பருவத்திலோ அதற்கு முன்னரோ ஆடத் தொடங்கியோரிடம், பின்னர்த் தொடங்கியோரைக் காட்டிலும் இரு கைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடு இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருந்தது. எலும்பு இளமையில் கேட்ட பாடத்தையே ஆழமாக ஏற்கிறது. 2014-இல் பேஸ்பால் பந்தெறிவோரிடம் செய்யப்பட்ட ஆய்வு, இளமையில் பெற்ற தடிப்பின் பாதியளவு, ஆட்டத்தை விட்டுப் பல்லாண்டுகள் ஆன முதியோரிடமும் எஞ்சியிருப்பதைக் காட்டியது.

இவ்வளவு அறிந்தபின் பழைய எலும்புகளிடம் செல்வது எளிது போலத் தோன்றும். அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

1545 சூலை 19 அன்று இங்கிலாந்தின் தென்கரையில், எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான 'மேரி ரோஸ்' கவிழ்ந்து மூழ்கியது. நானூற்றுக்கு மேற்பட்டோர் இருந்த கப்பலில் பிழைத்தோர் மிகச் சிலர். 1982 அக்டோபர் 11 அன்று அதன் உடற்பகுதி கடலிலிருந்து எடுக்கப்பட்டது. கடலடிச் சேறு மூடிக் காத்த பொருள்களுள் 170-க்கும் மேற்பட்ட நெடுவில்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் குறைந்தது 179 ஆடவரின் எலும்புகளும் இருந்தன. அவ்வெலும்புகளை ஆராய்ந்தவர் ஆன் ஸ்டர்லாண்ட் அம்மையார். தோட்பட்டை எலும்பின் முனைப்பகுதி சிறுவயதில் தனித்துண்டாக இருந்து, இருபது வயதை ஒட்டி முதன்மை எலும்போடு ஒட்டிக்கொள்ளும். அக்கப்பலின் தோட்பட்டை எலும்புகளில் ஏறத்தாழ எட்டில் ஒன்றில் அது ஒட்டவே இல்லை. பொதுவாக மக்களிடம் காணப்படும் அளவைக் காட்டிலும் இது மிகுதி.

ஸ்டர்லாண்ட் அம்மையார் இதனை வில்லோடு இணைத்தார். அந்நாளைய ஆங்கிலச் சட்டம் 7 வயது நிறைந்த ஆண்பிள்ளைக்குத் தந்தை வில்லும் அம்பும் வாங்கித் தந்து பழக்க வேண்டும் என்றது. கப்பலிற் கிடைத்த வில்களை இழுக்க 100 பவுண்டுக்குக் குறையாத விசை வேண்டும். இடக்கை முன்னே நீண்டு வில்லைத் தாங்கும். வலக்கை நாணைச் செவிவரை இழுக்கும். ஒட்டுவதற்குக் காத்திருந்த முனை, ஓயாத இழுவையால் ஒட்டாமலே நின்றது என்பது அவர் கருத்து. அழகான விளக்கம், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த 179 பேருள் எவர் வில்லாளர், எவர் மாலுமி, எவர் சமையற்காரர் என்று பெயர் எழுதி வைத்தாரில்லை. இம்முனை ஒட்டாமல் நிற்பதற்கு மரபுக் காரணமும் உண்டு. குழுவைப் பற்றிச் சொல்லலாம். தனியாளைச் சுட்டி 'இவன் வில்லாளன்' என்பது மிகை. மேலும் வில்லாளனுக்கு இரு கைகளும் உழைக்கின்றன. அவனிடம் கைவழக்கத்தின் தடம் குறைந்து, தொழிலின் தடம் மேலெழும்.

எலும்பில் இரு பக்கமும் வேறுபட்டிருந்தால் அது கைவழக்கமே என்று முடிவுகட்டுவோர் 1856-இல் கண்டெடுக்கப்பட்ட ஓர் எலும்புக்கூட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். செருமனியில் டூசல்டார்ஃப் நகருக்கு அண்மையில் நியாண்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளர் கண்ட எலும்புகளைப் பள்ளி ஆசிரியர் யோஹான் கார்ல் ஃபூல்ரோட் காப்பாற்றினார். ஒரு மனித இனத்திற்கே பெயர் தந்த எலும்புகள் அவை. அம்மனிதனின் வலப் புய எலும்பு தடித்தது. இடப் புய எலும்பு மெலிந்தது. வலக்கையன் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் அவனது இட முழங்கை முன்னரே முறிந்து, கோணலாகக் கூடி, கை முழுதாக மடங்கவும் நீளவும் இயலாமற் போயிருந்தது. இடக்கை மெலிந்ததற்குக் காரணம் அந்த முறிவு. அவன் பிறவியில் இடக்கையனாகவே இருந்து, முறிவுக்குப் பின் வலக்கைக்கு மாறியிருந்தாலும் எலும்பு ஏறத்தாழ இதே கதையைத்தான் சொல்லியிருக்கும்.

1957-இல் ஈராக்கின் வடக்கே ஷனிதார் குகையில் ரால்ஃப் சொலெக்கி குழுவினர் கண்ட முதியவன் இன்னும் துயரமான சான்று. அவனது வலப் புய எலும்பு குச்சிபோல் மெலிந்து முழங்கைக்கு மேலே முடிந்துபோயிற்று, முன்கை இல்லை. முகத்தில் இடக்கண்ணருகே பழைய அடி ஆறிய வடு. இத்தனைக்கும் பின் அவன் நாற்பது வயதைத் தொட்டோ கடந்தோ வாழ்ந்திருக்கிறான். முன்பற்கள் வேர்வரை தேய்ந்திருந்தன; இல்லாத கையின் வேலையைப் பல் செய்தது என்று கருதினர். ஒரு கையும் பல்லும் கொண்டு அவன் வாழ்ந்த காலத்தில் அவனோடு இருந்தோர் அவனைக் கைவிடவில்லை என்று ஆய்வாளர் பலர் எழுதியிருக்கின்றனர். எலும்பு இத்தகைய முடிவுக்கு இடந்தரும் அரிய இடங்களுள் இது ஒன்று.

நோயும் காயமும் அற்ற நியாண்டர்தால் ஆடவரிடமும் வலப் புயம் வியக்கத்தக்க அளவு தடித்திருந்தது. எரிக் டிரிங்காஸ் முதலியோர் 1994-இல் இதனைக் கணக்கிட்டனர். இக்காலப் பொதுமக்களிடம் காணும் வேறுபாட்டைப் போல் அது பன்மடங்கு. டென்னிஸ் ஆட்டக்காரர்களின் கையோடு ஒப்பிடத்தக்கது. காரணம் என்ன? ஈட்டி என்றே நெடுங்காலம் சொல்லி வந்தனர். பெருவிலங்கை அண்மையிற் சென்று குத்தும் வீரன் என்னும் காட்சி எவருக்கும் பிடித்தமானது. 2012-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த காலின் ஷாவும் உடனாய்வாளரும் இக்காலத்தாரைக் கொண்டு ஈட்டியைக் குத்தச் செய்தும், தோலைச் சுரண்டச் செய்தும் தசைகளின் உழைப்பை அளந்தனர். இரு கையாலும் பிடித்து ஈட்டியைக் குத்தும்போது வலக்கையரின் இடப்புறத் தசைகளே மிகுதியாக உழைத்தன. தோலைச் சுரண்டும்போதோ வலப்புறம் மிகுதியாக உழைத்தது. குளிர்நாட்டில் ஆடைக்காக விலங்குத் தோலை நாள்தோறும் மணிக்கணக்கில் சுரண்டிய வேலையே அப்புயத்தைத் தடிக்கச் செய்திருக்கலாம் என்பது அவர்கள் முடிபு. வேட்டை சில நாழிகை. சுரண்டல் நாள் முழுதும். எலும்பு வீரத்தை எண்ணுவதில்லை. எத்தனை முறை என்பதையே எண்ணுகிறது. பரணி பாடுவோர் இதனை விரும்பமாட்டார் எனினும், இம்முடிபு முந்தையதைவிட ஏற்புடையது.

இனி மகளிர் எலும்புக்கு வரலாம். இங்கே கைவழக்கத்தின் தடம் மங்கிப்போவதே செய்தி.

அமெரிக்காவின் அலபாமாப் பகுதியில் தொல்குடி மக்கள் வேட்டையும் காய்கனி திரட்டலும் விட்டு மக்காச்சோள வேளாண்மைக்கு மாறிய காலத்து எலும்புகளைப் பாட்ரீசியா பிரிட்ஜஸ் அம்மையார் ஆய்ந்து 1989-இல் வெளியிட்டார். வேளாண்மைக்கு மாறியபின் பெண்களின் கையெலும்புகள் வலுத்தன. குறிப்பாக இடக்கை வலுத்து வலக்கையை எட்டியது. மர உரலில் நெட்டுலக்கையால் இரு கையும் சேர மக்காச்சோளம் இடித்ததே காரணம் என்றார் அவர். சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்து இன்று அணைநீருள் மூழ்கிக் கிடக்கும் அபூ ஹுரைரா என்னும் பழவூரின் எலும்புகளைத் தேயா மொல்லசன் அம்மையார் ஆய்ந்தார். மண்டியிட்டுக் கால்விரலை மடக்கி ஊன்றி, முன்னும் பின்னும் உடலை அசைத்துத் தானியம் அரைத்ததன் தடங்களை மகளிரின் பெருவிரலிலும் முழங்காலிலும் இடுப்பு முள்ளெலும்பிலும் கண்டார். அவர்கள் அரைத்த கல், நம் அம்மியைப் போன்றதே: அடிக்கல் ஒன்று, இரு கையாலும் தள்ளும் குழவி ஒன்று.

2017-இல் அலிசன் மேக்கின்டோஷ் தலைமையில் வெளிவந்த ஆய்வு இவ்வனைத்திற்கும் மேலான ஒப்பீட்டைத் தந்தது. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் நடு ஐரோப்பாவில் வாழ்ந்த முதல் உழவர் குடிகளின் பெண்களது கையெலும்பை, கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகப் படகோட்டப் பெண்களின் கையெலும்போடு ஒப்பிட்டனர். அப்படகோட்டிகள் வாரந்தோறும் 100 கிலோமீட்டருக்கு மேல் துடுப்பு வலிப்போர். அவர்களைக் காட்டிலும் அப்பழம்பெண்களின் கை 11 முதல் 16 விழுக்காடு வலிமை மிக்கிருந்தது. பயிற்சி பெறாத மாணவியரைக் காட்டிலும் ஏறத்தாழ 30 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆய்வுகள் பெண்களின் எலும்பை அக்கால ஆண்களின் எலும்போடு ஒப்பிட்டு, பெண்கள் எளிய வேலையே செய்தனர் என்று எழுதி வந்தன. பெண்ணின் எலும்பு ஆணின் எலும்பைப் போல் பளுவுக்கு எளிதில் தடிப்பதில்லை என்பதை அவ்வொப்பீடு கருதவில்லை. பெண்ணைப் பெண்ணோடு ஒப்பிட்டபோதுதான் அரைத்த கல்லும் கிளறிய மண்ணும் சுமந்த கதிரும் கணக்கில் வந்தன. எழுத்தில்லாத ஒரு காலத்தைப் பற்றி இத்தனை ஆண்டுகள் தவறாக எழுதப்பட்டதற்கு அளவுகோலே காரணம். இலக்கிய வரலாறு எழுதுவோரும் இதனைக் கருத்தில் கொள்ளலாம்.

எலும்புக்கு மாறான மற்றொரு சான்று பல். புயம் தடிப்பது பல்லாண்டு உழைப்பால். பல்லில் விழுவது ஒரு நொடியின் கீறல். பழைய மனிதர் தோலையோ இறைச்சியையோ முன்பற்களால் கவ்வி, மறுமுனையை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மற்றொரு கையிலுள்ள கற்கருவியால் அறுத்தனர். கருவி சிலவேளை தவறிப் பல்லிற் பட்டது. வலக்கையால் அறுத்தால் கீறல் ஒரு சாய்வில் விழும். இடக்கையால் அறுத்தால் எதிர்ச் சாய்வில் விழும். பற்களுக்கு உறை மாட்டிக்கொண்டு ஆய்வாளரே அறுத்துப் பார்த்து இதனைச் சரிபார்த்தனர். ஸ்பெயின் நாட்டு அட்டாபுவெர்க்காவின் 'எலும்புக்குழி' என்னும் இடத்தில் கிடைத்த 4,30,000 ஆண்டுப் பழமையான பற்களிலும், குரோவேசியாவின் கிராப்பினாவில் கிடைத்த நியாண்டர்தால் பற்களிலும் வலச்சாய்வே மிகப் பெரும்பான்மை. தான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் கிடைத்த 18 இலட்சம் ஆண்டுப் பழமையான மேல்தாடை ஒன்றிலும் வலச்சாய்வுக் கீறல்களைக் கண்டதாக டேவிட் ஃபிரேயர் முதலியோர் 2016-இல் எழுதினர். ஒரு தாடை ஓர் இனத்திற்குச் சான்றாகாது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். பிரான்சில் லாஸ்கோ குகைக்கு அண்மையில் உள்ள ரெகூர்தூவில் 1957-இல் கிடைத்த நியாண்டர்தால் எலும்புக்கூட்டில் பல்லும் கையெலும்பும் இரண்டுமே கிடைத்தன. 2012-இல் அவற்றைத் தனித்தனியே ஆய்ந்தபோது இரண்டும் வலக்கை என்றே கூறின. தனித்தனியே நிற்கும் இரு சான்றுகள் ஒத்துப்போவதைப் போல் உறுதி தருவது வேறில்லை. பாடவேறுபாடு பார்த்த பதிப்பாசிரியர் எவரும் இதனை அறிவர்.

இறுதியாக இடக்கையரைப் பற்றி. இன்று உலகில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கையர். ஆயினும் பல நாடுகளில் பள்ளியிலும் வீட்டிலும் பிரம்பும் கண்டிப்பும் கொண்டு குழந்தைகளை வலக்கைக்கு மாற்றிய காலம் நெடியது. அவ்வாறு மாற்றப்பட்ட ஒருவரின் எலும்பு, இயல்பில் வலக்கையரின் எலும்பினின்றும் பெரிதாக வேறுபடாது. இளமையில் கேட்ட பாடத்தையே எலும்பு ஆழமாக ஏற்கும் என்று மேலே கண்டோம். கண்டிப்பும் அவ்விளமையிலேயே தொடங்குகிறது. எந்தக் கை உழைத்தது என்பதை எலும்பு சொல்லும். எந்தக் கை உழைக்க விரும்பியது என்பதைச் சொல்லாது.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் வாரம் பெர்சி என்று ஒரு சிற்றூர் இருந்தது. இடைக்காலத்தின் இறுதியில் மக்கள் விட்டுச்சென்ற ஊர் அது. அதன் தேவாலயப் புதைநிலத்து எலும்புகளில் புய எலும்பையும் ஆரை எலும்பையும் ஜேம்ஸ் ஸ்டீல், சைமன் மேஸ் என்போர் அளந்து 1995-இல் வெளியிட்டனர். வளர்ந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு வலக்கை எலும்புகள் நீண்டிருந்தன. ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இடக்கை எலும்புகள் நீண்டிருந்தன. இன்றைய இடக்கையரின் அளவைவிட இது சற்றுக் கூடுதல். இவர்கள் எல்லாரும் இடக்கையர் அல்லர் என்று கொள்ளலாம். எலும்பின் நீளத்தில் தற்செயலுக்கும் பங்குண்டு. அன்றி, அவ்வூரின் உழவுச் சிறுவர் எந்தக் கையால் அரிவாள் பிடித்தாலும் எவரும் தடுக்கவில்லை என்றும் கொள்ளலாம். ஏட்டில் பெயரில்லாத அந்த ஆறில் ஒருவர், நீண்ட இடக்கையோடு அங்கே புதைக்கப்பட்டிருந்தனர்.